ஆறாவது முத்து

குடிக்காதபோது ததேயு தங்கம். இதில் ஊருக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. பங்குச் சாமியார் அப்படித்தான் சொன்னார். ததேயுவின் அம்மா மிக்கேலம்மாள் சொன்னாள். துறைமுகத்தில் அவனோடு கிரேன் ஓட்டுபவர்கள் சொன்னார்கள். அவன் மனைவி ஜெனோவாவும் சொல்வாள். இறால் கம்பெனியில் மேசைக்கு எதிர்ப்புறம் நிற்கும் லூர்து, "முழங்கையில என்னட்டி வீக்கம்?" என்று கேட்டால், "குடிச்சிருந்தாவ. மத்தபடி தங்கம்லா" என்பாள். லூர்து தன் வீட்டிலிருக்கும் தங்கத்தைப் பற்றிச் சொல்வாள். பிறகு இருவரும் இறால் உரிப்பார்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஜெனோவாவின் கணக்கில் அவளுக்கு இரண்டு புருஷன்கள். ஒருவன் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து தேத்தண்ணி போடுவான், அவளுடைய கம்பெனிச் சீருடையை இஸ்திரி போட்டு மடித்து வைப்பான், மீன் வாங்கினால் முள்ளெடுத்துத் தருவான். மற்றவன் மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை விட்டு, மதுக்கடை வழியாக வருவான். முதலாமவனோடு வாழ்வதற்காக இரண்டாமவனைப் பொறுத்துக்கொண்டாள். பஸ் வரும்வரை வெயிலில் நிற்பதில்லையா, அப்படி.

குடித்த ததேயுவிடமும் சில ஒழுங்குகள் இருந்தன. ஜெனோவாவின் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் அவன் அடித்ததில்லை. முகத்தில் அடித்ததில்லை. தவணையில் வாங்கிய பெரிய டிவிக்குப் பக்கத்தில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது, அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மிக்கேலம்மாள் இதையெல்லாம் மகனுடைய நல்ல மனசுக்குச் சாட்சியாகச் சொல்வாள். "எவ்வளவு போதையிலயும் முகத்துல கைய வைக்க மாட்டான், பாத்துக்கோ."

அந்த வருஷம்தான் அரசாங்கம் தெளிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடைகளை மூட முடியாது, மூடினால் கஜானா காலி. கடைகள் திறந்திருக்கவும் வேண்டும், குடிப்பவன் விழுந்து கிடக்கவும் கூடாது. அதற்கு ஒரு விஞ்ஞானி வழி கண்டுபிடித்தார். அரிசியளவு மணி ஒன்றைத் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துவிடுவது. மணிக்குள் நொதி இருக்கும். ரத்தம் அதைக் கடந்து போகும்போது சாராயம் உடையும். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. தூத்துக்குடியில் அதை முத்து என்றார்கள்.

ததேயுவே விரும்பித்தான் போனான். துறைமுகத்து வாசலில் காலையில் விரலில் குத்திப் பார்க்கும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. முந்தின நாள் குடித்தது மறுநாளும் காட்டிக் கொடுத்ததால் அவனை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முத்து வைக்கவும் எடுக்கவும் பெண்டாட்டி சம்மதமும் வேண்டும் என்பது சட்டம். ஜெனோவா ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு அவனோடு தெளிவு மையத்துக்குப் போனாள்.

மையத்தில் முத்து வைப்பவர் சண்முகவடிவு சிஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர். குரல் மட்டும் ஒலிபெருக்கி. ததேயுவை உள்ளே படுக்கவைத்துவிட்டு, வெளியே ஜெனோவாவிடம் வந்தார்.

"நீ எங்க பிள்ள வேலை பாக்க?"

"இறால் கம்பெனில சிஸ்டர். உரிக்கிற பக்கம்."

"அப்ப உனக்கு லேசாப் புரியும். உங்க மேசையில ஒரு மலையா இறால் கொட்டிட்டான்னு வையி. பத்து பேரு உரிச்சா எவ்வளவு நேரம், இருபது பேரு உரிச்சா எவ்வளவு நேரம்?"

"பாதி நேரம்."

"அம்புட்டுத்தான் விஷயம். சாராயம் இறாலு. நொதி உரிக்கிற ஆளு. உன் புருஷன் ஈரல்ல கொஞ்சம் ஆளுதான் இருக்கு, மலையைக் கொட்டிட்டு வாராரு. பொழுது அடையற வரைக்கும் உரிச்சுக்கிட்டே கெடக்கு. இந்த முத்து ஒண்ணுல அஞ்சு ஈரலுக்கு உண்டான ஆளு இருக்கு. ஒரு மணி நேரத்துல மலை காலி."

"அந்த ஆளுக தீந்து போச்சுன்னா?"

"ஏன் தீரும்? ஒரு கூடை உரிச்சா உன் கை தேஞ்சா போவுது? அடுத்த கூடைய எடுக்க. இறாலுதான் தீரும், ஆளு தீராது. முத்துக்குள்ள கெட்டுப்போவாமப் பூட்டி வச்சிருக்கான். முப்பது வருஷம் கிடக்கும்."

ஜெனோவா அதை யோசித்தாள். "ஒரு மணி நேரமா?"

"ஏன், போதாதா?"

"கடையில இருந்து எங்க வீட்டுக்கு வண்டியில பத்து நிமிஷம் சிஸ்டர். வந்த உடனேதான் எல்லாம் நடக்கும்."

சிஸ்டர் அவள் முழங்கையைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறிய கருவியை எடுத்துக் கொடுத்தார். சர்க்கரை பார்ப்பது போலத்தான், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு விட்டால் ரத்தத்தில் எவ்வளவு சாராயம் என்று காட்டும். "வாசல்ல கால் வச்ச உடனே குத்திப் பாரு. எண்ணு குறையாம இருந்தா வா. இன்னொண்ணு வைப்போம். ரெட்டிச்சா நேரம் பாதியாகும்."

ஆக ஜெனோவாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாசலில் கால் வைக்கும்போது அவன் தங்கமாக இருக்க வேண்டும்.

முதல் முத்துக்குப் பிறகு அவன் இருட்டும்வரை கிடப்பதில்லை. அடி முடிந்து ஒரு மணி நேரத்தில் தெளிந்து எழுந்துவிடுவான். எழுந்து அவளுக்குத் தைலம் தேய்த்துவிடுவான். அழுதாலும் அழுவான். பிறகு, போதை போய்விட்டதே என்று மறுபடி கடைக்குப் போவான். இது ஊர் முழுக்க நடந்தது. ஒரு குவார்ட்டரில் ஒரு பொழுதைக் கழித்தவர்களுக்கு இப்போது மூன்று தேவைப்பட்டது. கஜானா நிரம்பியது. விஞ்ஞானிக்கு விருது கொடுத்தார்கள்.

ஜெனோவா மறுபடி மையத்துக்குப் போனாள். இரண்டாவது முத்து. மூன்றாவது. ததேயு மறுக்கவில்லை. கிரேன்காரர்களிடையே அது கௌரவமாகியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, "எனக்கு மூணு, உனக்கு எத்தனைல?" என்று கேட்டுக்கொண்டார்கள். நாலாவது வைத்த அன்று மட்டும் அவனுக்கு முகம் கொள்ளிக்கட்டையாகச் சிவந்து, கொல்லையில் போய் வாந்தியாக எடுத்தான். மிக்கேலம்மாள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மருமகள்தான் மகனுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று தெருவுக்குக் கேட்கும்படி ஜெபித்தாள்.

சிஸ்டர் தலையிலடித்துக்கொண்டார். "நான் லீவுல இருந்தப்ப வச்சதா? மஞ்சள் முத்து வைக்கலையா உன் புருஷனுக்கு?"

விஷயம் இதுதான். வெள்ளை முத்து சாராயத்தை உடைத்தால் நடுவில் ஒரு நஞ்சு வரும். அந்த நஞ்சை உடைக்க மஞ்சள் முத்து. மூன்று வெள்ளை வரைக்கும் ஈரலே நஞ்சைச் சமாளிக்கும், நாலாவதிலிருந்து மஞ்சளும் சேர்த்து வைக்க வேண்டும். கிரேன்காரர்கள் யாரும் மஞ்சளைப் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் பெண்களுக்கு உரியது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான்.

"உங்க கம்பெனில உரிக்கிற ஆளை மட்டும் கூட்டிட்டு, உரிச்சதை ஐஸ்ல போட ஆளில்லன்னா என்னாவும்?"

"நாறிரும்."

"அதேதான் உள்ள நாறிட்டு இருக்கு. ரெண்டு மஞ்சள் வைக்கேன்னு போயிச் சொல்லு. கலரு வெளிய தெரியாதுன்னும் சொல்லு."

கலர் வெளியே தெரியாது என்றதும் ததேயு ஒத்துக்கொண்டான்.

ஐந்தாவது முத்துக்குப் பிறகு வாசலில் எண் நாற்பதுக்கு இறங்கியது. முதலில் நூற்றைம்பது இருந்த இடம். அடி குறையவில்லை. ஜெனோவா அதற்கும் காரணம் வைத்திருந்தாள். நாற்பது நாற்பதுதானே, பூஜ்யம் இல்லையே. ஆறாவது வைக்கும்போது சிஸ்டர் சொன்னார்: "இதுதான் கடைசி. இதுக்கு மேல பத்து வச்சாலும் ஒண்ணுதான். உரிக்க ஆளு நெறைய ஆயிருச்சு, இனி கூடை வர்ற வேகம்தான் வேகம். வாயில ஊத்த ஊத்த உடைஞ்சிரும்."

அன்று வியாழக்கிழமை. ஜெனோவாவுக்குக் காலை ஷிஃப்ட், மத்தியானமே வீடு திரும்பியிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டது. ததேயு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் செருகியிருந்தது. சட்டையில் சாராய வாடை. வழக்கம்போல இடது கையை நீட்டினான். எப்போதும் இடது கைதான்.

குத்தினாள். கருவி பூஜ்யம் காட்டியது.

பேட்டரி போய்விட்டது என்று நினைத்தாள்.

"எவ்வளவுட்டி?" என்றான். நாக்குக் குழறியது. எண்ணைக் கேட்பது அவனுக்கு ஒரு பழக்கமாகியிருந்தது. மறுநாள் கிரேன்காரர்களிடம் சொல்வதற்கு.

கருவி கெட்டுவிட்டது என்றால் கத்துவான் என்று, பழைய எண் ஒன்றைச் சொல்லிவைத்தாள். "நூத்தியிருபது."

"அப்படிப் போடு" என்றான். பிறகு குழம்பு ஏன் ஆறியிருக்கிறது என்று ஆரம்பித்தான். இடது கை அவள் தலைமுடியைப் பிடித்தது, வலது கை முதுகில் விழுந்தது. ஒருமுறை அவளைத் தள்ளும்போது டிவி பக்கம் சாய்ந்தாள். அவன் அவளை இழுத்து மறுபக்கம் தள்ளினான்.

மறுநாள் கருவியை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

"மிஷின் கெட்டுப் போச்சு சிஸ்டர். வேற ஒண்ணு குடுங்க."

சிஸ்டர் தன் விரலில் குத்திப் பார்த்தார். பூஜ்யம். பிறகு, சோதனைக்கென்று வைத்திருந்த குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். நூறு என்றது. குப்பியின் மேலும் நூறு என்றுதான் எழுதியிருந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நேத்து என்ன காட்டிச்சு?"

"பூஜ்யம்."

"பின்ன? அதுக்குத்தானே ஆறு முத்து? கடையை விட்டு இறங்கறதுக்குள்ள தெளிஞ்சிருப்பாரு. சரியாச் சொன்னா, ஏறவே ஏறியிருக்காது. ரத்தத்துல நின்னாத்தானே தலைக்கு ஏறும்?"

ஜெனோவா நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஒருத்தி வரிசையில் இருமினாள்.

"தள்ளாடிட்டு வந்தாவ சிஸ்டர். நாக்குக் குழறிச்சு."

சிஸ்டர் பஞ்சை எடுத்துக் கருவியைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். துடைக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

"அவியளுக்குத் தெரியுமா? போதை இல்லன்னு?"

"அதுக்கு மிஷின் இல்ல" என்றார் சிஸ்டர்.

அன்று மத்தியானம் அவன் இடது கையை நீட்டினான். பூஜ்யம். "எவ்வளவு?" என்றான்.

"பூஜ்யம்."

ததேயு கண்ணைத் திறந்து பார்த்தான். செருகியிருந்த கண் சாதாரணக் கண்ணாக இருந்தது. "பூஜ்யமா?"

"ஆமா. முத்து நல்லா வேலை செய்யுதாம்."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கிளம்பும் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல உட்கார்ந்திருந்தான். பிறகு சாப்பிட்டான். குழம்பு அன்றும் ஆறித்தான் இருந்தது. தட்டைத் தானே கழுவினான். சாயங்காலம் அவள் சீருடையை இஸ்திரி போட்டான். மடிப்பு கத்திபோல இருந்தது.

மிக்கேலம்மாள் அடுக்களைக்குள் வந்து கிசுகிசுத்தாள். "ஏட்டி, பூஜ்யம்னு சொன்னியா? அதையே சொல்லு. தினமும் அதையே சொல்லிட்டுப் போ. மிஷின் என்ன காட்டினா உனக்கென்ன? குடும்பம் நடக்குதுல்லா."

"மிஷினும் பூஜ்யம்தான் காட்டுது அத்தை. நேத்தும் பூஜ்யம்தான்."

மாமியார் உலையில் அரிசி போட்டாள். மூடியைப் போட்டுவிட்டு, "அதை எதுக்கு வெளிய சொல்லணும்?" என்றாள்.

மாமியாரின் யோசனை மோசமானதல்ல. ஜெனோவா சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதன்படி நடந்தாள். பூஜ்யம் என்றாள். தங்கம் தேத்தண்ணி போட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். வாழ்நாள் முழுக்க இப்படிப் போய்விடலாம். ஒரு சொல், தினமும் ஒரு சொல். ஆனால் பூசை நடுவில் அவள் பக்கத்தில் முழங்காலில் நிற்பவனைப் பார்த்தாள். இவன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்தது இவனுக்குத்தானா, இல்லை, அப்படி ஒருவன் இருந்ததே இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு கூடை இறால் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மோந்து பார்க்காமல் யாரும் மேசையில் கொட்டுவதில்லை.

திங்கட்கிழமை அவன் வரும்போது கண் சாதாரணமாகத்தான் இருந்தது. நடையும் நேராக இருந்தது. இடது கையை நீட்டினான். பூஜ்யம். கருவியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு?"

"நூத்தி நாப்பது."

சொல்லிவிட்டு அவன் கண்ணையே பார்த்தாள். கண் மெல்லச் செருகியது. தோள் சரிந்தது. நேராக வந்த கால் ஒருமுறை தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதன் பழைய செருப்பைப் போட்டுக்கொள்வதுபோல அவ்வளவு இயல்பாக இருந்தது.

"நூத்தி நாப்பதா" என்றான். நாக்குக் குழறியது.

அன்று பெல்ட்டால் அடித்தான். முகத்தில் அடிக்கவில்லை. முதல் அடி விழுந்தபோது அவள் கத்தவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று, கத்தினாள்.

அன்று சாயங்காலம் ஜெனோவா போனபோது, துறைமுகப் பக்கம் இருந்த ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பொன்ராஜ் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தார். இந்த மாதிரி விஷயத்துக்கு அந்த ஸ்டேஷனில் ஒரு நடைமுறை இருந்தது. குடித்துவிட்டு அடித்தால் புருஷனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டி, கோயிலுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். குடிக்காமல் அடித்தால் அது கேஸ். குடிக்காமல் அடித்ததாக அதுவரை யாரும் வந்ததில்லை.

"குடிச்சிருந்தானா?"

"குடிச்சிருந்தாவ சார். ஆனா போதை இல்ல." கருவியை மேசைமேல் வைத்தாள். அது தேதியோடும் நேரத்தோடும் பூஜ்யம் காட்டியது. வியாழக்கிழமை பூஜ்யமும் அதில் இருந்தது.

பொன்ராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மா, இது சிக்கல்ல கொண்டு விடும். கொஞ்சம் காட்டுச்சுன்னு வச்சுக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

"காட்டலையே சார்."

ததேயுவை அழைத்து வந்தார்கள். கூடவே மிக்கேலம்மாள். கிரேன்காரர்கள் நாலு பேர். ததேயு நல்ல சட்டை போட்டிருந்தான், தலை சீவியிருந்தான். அவனைப் பார்த்தால் யாருக்கும் பெண் கொடுக்கத் தோன்றும்.

"சார், எனக்கு நினைவே இல்ல" என்றான். "குடிச்சா எனக்கு நினைவே இருக்காது. இவளைக் கேளுங்க. மத்த நேரம் நான் எப்படின்னு இவளையே கேளுங்க."

"மத்த நேரம் தங்கம் சார்" என்றான் ஒரு கிரேன்காரன்.

பொன்ராஜ் ஜெனோவாவிடம் திரும்பினார். "நீ என்ன எண்ணு சொன்ன அவன்கிட்ட?"

"நூத்தி நாப்பது."

"பூஜ்யத்தை வச்சுக்கிட்டு நூத்தி நாப்பதுன்னு ஏன் சொன்ன? நீதானம்மா உசுப்பி விட்டிருக்க."

"சார், நான் எண்ணுதான் சொன்னேன்."



மிக்கேலம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். "அந்த மிஷின் பொய் சொல்லுது சார். எம்புள்ளைக்குப் போதை ஏறும். ஒண்ணு வாங்கிக் குடுத்து இங்கேயே பாருங்க." முந்தானையை அவிழ்த்துப் பணத்தை எடுத்தாள். மதுக்கடைக்கு முன்னால் இரண்டு முறை மறியலில் உட்கார்ந்தவள். அந்தக் கடைக்குள் அவள் பணம் நேரடியாகப் போனது அன்றுதான் முதல் தடவை.

பொன்ராஜுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு கிரேன்காரன் போய் வாங்கி வந்தான். ததேயு பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, தண்ணீர் கலந்து குடித்தான். ஒரு காவலர் விரலில் குத்தினார். பூஜ்யம். ஸ்டேஷன் கருவியிலும் பார்த்தார்கள். பூஜ்யம்.

"இன்னொண்ணு" என்றான் ததேயு.

இரண்டாவதும் போயிற்று. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதனுக்குப் போதை ஏற வேண்டும் என்று இத்தனை பேர் ஒன்றாக வேண்டிக்கொண்டது அந்த ஊரில் நடந்ததில்லை. மிக்கேலம்மாளின் உதடு ஜெபமாலை சொன்னது. ததேயு கண்ணைச் செருகிப் பார்த்தான். நாக்கைக் குழறிப் பார்த்தான். காவலர் அவன் இடது கையைப் பிடித்துக் குத்தி, "பூஜ்யம்" என்று உரக்கச் சொன்னார். நாக்கு நேரானது.

மூன்றாவது பாட்டிலைத் தண்ணீர் கலக்காமல் குடித்தான். அந்த அவசரத்துக்கு எண் மூன்று என்று ஒருமுறை காட்டியது. கிரேன்காரன் ஒருவன் கை தட்டினான். பொன்ராஜ் மூன்று போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது பூஜ்யமாயிற்று.

ததேயு சுற்றிலும் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் ஜெனோவாவைப் பார்த்தான்.

"ஜெனோ, நீ சொல்லு. நான் குடிச்சாத்தானே அப்படி? குடிக்காம நான் என்னைக்காவது உன்ன ஒரு சொல்லு சொல்லியிருக்கேனா?"

குரலில் நடிப்பு இல்லை. உண்மையாகவே அவளிடம் கேட்டான். பதினோரு வருஷமாக அவள் ஊர் முழுக்கச் சொல்லி வந்த வாக்கியம் அது. இப்போது ஒருமுறை சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"இப்ப உங்களுக்குப் போதை இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் காலிப் பாட்டிலைப் பார்த்தான்.

"தள்ளும்போது டிவி மேல விழாம இழுத்து விட்டியளே. அது யாரு?"

பொன்ராஜ் பேனா மூடியைத் திறந்தார். இனி வேறு வழி இல்லை.

தெளிவுத் திட்டம் அடுத்த பங்குனியோடு நிறுத்தப்பட்டது. சாலை விபத்து பாதியாகக் குறைந்திருந்தது, துறைமுகத்தில் ஒரு பெட்டியும் கீழே விழவில்லை. ஆனால் ஸ்டேஷன்களில் பூஜ்யங்கள் குவிய ஆரம்பித்திருந்தன. முன்பெல்லாம் திட்டி அனுப்பிய சங்கதிகள் வழக்குகளாயின. குடும்பங்கள் குலைவதாகச் சட்டசபையில் கவலை தெரிவித்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்துக்கொண்ட தீர்மானம் அந்த வருஷம் அது ஒன்றுதான். முத்துகளை எடுத்துவிட ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

மையத்தின் வாசலில் வரிசை தெரு முனைவரை நின்றது. ஆண்கள் மட்டும் இல்லை, பெண்டாட்டிகளும். அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்க முடியாது, அவர்கள் சம்மதித்துத்தான் வந்திருந்தார்கள். லூர்துவும் புருஷனோடு நின்றாள். ஜெனோவாவைப் பார்த்ததும், "எடுத்துட்டா நல்லதுட்டி" என்றாள். "இப்படியே இருந்தா மூஞ்சியில முழிக்க முடியல. முன்னயாவது குடிச்சிருக்காவன்னு நினைச்சுக்கிடலாம்."

ஜெனோவா உள்ளே போனாள். கருவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தாள். சண்முகவடிவு சிஸ்டருக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் எடுத்த முத்துகள் குவிந்திருந்தன, வெள்ளையும் மஞ்சளுமாக.

"உன் ஆளு அடுத்த வாரம் பாளை ஜெயில்ல இருந்து வெளிய வாராராம்லா" என்றார் சிஸ்டர், தலை நிமிராமல். "உங்க மாமியா வந்து சொல்லிட்டுப் போச்சு. வந்த உடனே எடுத்துரணுமாம். அவரு கேட்டுட்டாரு. நீயும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவகாசம் முடிஞ்சிருமே சிஸ்டர்."

"உள்ள இருக்கவங்களுக்குத் தனியா நாள் குடுத்திருக்கான். உன் சம்மதம்தான் பாக்கி."

ஜெனோவா தட்டைப் பார்த்தாள். ஒரு முத்தை விரலால் தொட்டாள். அரிசி மாதிரிதான் இருந்தது.

"வேலை செஞ்சாலும் இது தீராதுன்னு சொன்னியள்லா?"

"தீராது."

"முப்பது வருஷம்?"

"முப்பது வருஷம்."

"அவியளுக்கு இருக்கட்டும் சிஸ்டர்."

கருவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மத்தியான ஷிஃப்ட் தொடங்க இன்னும் நேரமிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.